கஸ்தூரி என்று நான் நினைத்த வாடை

ஐந்தாம் நோன்பு அன்று, சஹர் (நோன்பு வைக்க விடியுமுன் உண்ணும் உணவு) முடித்துப் பல் துலக்கியபோது வாஷ்பேசினில் சிவப்பாக விழுந்தது. கீழ்வரிசை முன்பற்களின் ஈறிலிருந்து ரத்தம். பிரஷ் பழசாகிவிட்டது, நார் குத்தியிருக்கும் என்று நினைத்து அன்று மாலையே புதுசு வாங்கினேன். மறுநாளும் ரத்தம் வந்தது. புது பிரஷ், கடினமாக இருக்கிறது என்று நினைத்தேன். காரணம் கண்டுபிடிக்கும் மூளையை மட்டும் ஆண்டவன் மனிதனுக்குத் தாராளமாகவே கொடுத்திருக்கிறான்.

வாய்ப்புண்ணோ ஈறில் ரத்தமோ வந்து, யாரிடமும் காட்டக் கூசி, கையால் வாயை மறைத்துக்கொண்டு பேசுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் மருத்துவன் அல்ல. மயிலாப்பூர் மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் சட்டை, பேன்ட் தைக்கும் சிறிய கடை வைத்திருப்பவன். வயது ஐம்பத்து நான்கு.

தையல்காரனுக்கு வாய் மூன்றாவது கை. குண்டூசிகளை உதட்டில் கவ்விக்கொண்டுதான் துணியை மடிப்போம். கத்தரி பக்கத்திலேயே இருந்தாலும் நூலைக் கடிக்கப் பல்தான் முந்தும். அதனால் ஏழாம் நோன்பு வாக்கில் வாயில் இரும்பைச் சப்பியது போன்ற ருசி வந்தபோது குண்டூசியைக் குற்றம் சொன்னேன். எட்டாம் நாள் ஈறு எரிந்தது. அதற்குச் சூடு என்று பெயர் வைத்தேன். வெயில் ஏறத் தொடங்கிய மாதம், பகலெல்லாம் தண்ணீர் படாத தொண்டை, அயர்ன் பாக்ஸுக்குப் பக்கத்தில் உட்காரும் வேலை. சூடு பிடிக்காமல் என்ன செய்யும்? நோன்பு திறந்த பிறகு கிராம்பு எண்ணெயைப் பஞ்சில் நனைத்து வைத்துக்கொண்டேன்.

வீட்டில் என் மனைவி இருந்திருந்தால் இவ்வளவு தூரம் போயிருக்காது. நூர்ஜஹான் அப்போது ஆதம்பாக்கத்தில் எங்கள் ஒரே மகள் ஷமீமாவின் வீட்டில் இருந்தாள். தலைப்பிரசவம் தாய்வீட்டில் நடப்பதுதான் வழக்கம். ஆனால் எங்கள் வீடு மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. நஞ்சுக்கொடி கீழே இறங்கியிருக்கிறது, மகள் படியேறவே கூடாது, படுத்தே இருக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மகள் தாய்வீட்டுக்கு வர முடியாததால் தாய் மகள் வீட்டுக்குப் போய்விட்டாள்.

தொடக்கத்தில் நானும் தினமும் போனேன். சாயங்காலம் பறக்கும் ரயிலில் வேளச்சேரியில் இறங்கி, ஷேர் ஆட்டோ பிடித்து, அவர்களோடு உட்கார்ந்து நோன்பு திறப்பேன். அங்கேதான் ஒரு நாள் மாப்பிள்ளையின் அம்மா அந்தப் பேச்சை எடுத்தார்.

எங்களில் ஒரு வழக்கம் உண்டு. பிறந்த குழந்தையின் வலது காதில் மெதுவாகப் பாங்கு (தொழுகைக்கான அழைப்பு) சொல்வார்கள். பிறகு, நல்ல மனிதர் என்று வீட்டார் மதிக்கும் ஒருவர் பேரீச்சம்பழத்தை வாயிலிட்டுக் கூழாக மென்று, அதில் ஒரு துளியைக் குழந்தையின் மேலண்ணத்தில் தடவுவார். மென்றவரின் குணம் குழந்தைக்கு வரும் என்பது பெரியவர்கள் நம்பிக்கை.

"உங்க வாயிலேருந்து ஒரு கெட்ட வார்த்தை வந்து நாங்க கேட்டதில்ல சம்பந்தி. பழம் நீங்கதான் மெல்லணும்" என்றார் அந்த அம்மா.

முப்பது வருடம் சட்டை தைத்ததற்கு யாரும் எனக்கு மாலை போட்டதில்லை. அன்று போட்ட மாதிரி இருந்தது. வேண்டாம் என்பதுபோல் தலையை ஆட்டினேன், மனதுக்குள் அப்போதே மெல்லத் தொடங்கிவிட்டேன். அந்த ரமலானில் எனக்கிருந்த ஒரே ஆசை அதுதான். என் பேரப்பிள்ளையின் நாக்கில் முதலில் படுவது என் வாயிலிருந்து வந்த இனிப்பாக இருக்க வேண்டும்.

ஒன்பதாம் நோன்பு அன்று படுத்திருந்த ஷமீமாவின் பக்கத்தில் உட்கார்ந்து குனிந்து பேசினேன். அவள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"என்னம்மா?"

"ஒண்ணுமில்ல அத்தா. வயித்தப் புரட்டுது."

பிள்ளைத்தாய்ச்சிக்கு வயிறு புரட்டுவது அதிசயமா? நம்பினேன். அன்று நோன்புக் கஞ்சி ஒரு வாய் வைத்ததும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அவ்வளவு எரிச்சல். வடையைத் தொடவே முடியவில்லை. கேள்வி கேட்பார்களே என்று பயந்து மறுநாளிலிருந்து ஆதம்பாக்கம் போவதை நிறுத்தினேன். நோன்புப் பெருநாள் தையல் குவிந்து கிடக்கிறது என்று போனில் சொன்னேன். அது பாதி உண்மை.

பதினோராம் நாள் ஒரு பழைய வாடிக்கையாளர் வந்தார். பக்கத்துத் தெருவில் இருப்பவர், வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். கழுத்தளவு எடுக்க டேப்போடு கிட்டே போனேன். அரை அடி பின்னால் நகர்ந்தார். நானும் அரை அடி முன்னால் போனேன்.

"வேண்டாம் காதர், பழைய அளவையே வெச்சுண்டு தைச்சுடுங்கோ. ஆத்துல ஒரு அவசர வேலை" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஒரு அங்குலம் கூடினாலும் சட்டையைத் திருப்பி எறிகிற மனிதர் அவர். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

உறைக்க வைத்தவன் ஏழுமலை. என் கடையில் துணி வெட்டுவதும் அயர்ன் போடுவதும் அவன்தான், கிட்டத்தட்ட என் வயது. பன்னிரண்டாம் நோன்பு அன்று மத்தியானம் அயர்ன் பாக்ஸை நிமிர்த்தி வைத்துவிட்டு என் எதிரில் வந்து நின்றான்.

"பாய், ஒண்ணு சொல்றேன், கோச்சுக்காத. வாய் நாறுது."

"நோன்புடா. வெறும் வயிறு, தண்ணி கிடையாது. நோன்பாளியோட வாய் வாடை ஆண்டவனுக்குக் கஸ்தூரி, தெரியுமா?"

எங்களில் அப்படித்தான் சொல்வார்கள். சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்த பேச்சு. நோன்பு மாதத்தில் யாரும் யாருடைய வாயைப் பற்றியும் பேச மாட்டோம், அது மரியாதை. பள்ளிவாசலில் என் தோளை ஒட்டி நின்றவர்களும் அந்த மரியாதையில்தான் பேசாமல் இருந்திருக்கிறார்கள்.

ஏழுமலைக்கு அந்த மரியாதை இல்லை. "நோன்பு வாடை எனக்குத் தெரியாதா? இருவது வருசமா உன் பக்கத்துல உக்காந்துகினு கீறேன். அது வேற பாய். இது எலி செத்த மாரி கீது. மூணு நாளா எப்புடி சொல்றதுன்னு முழிச்சிகினு கீறேன்."

எனக்கு வந்த கோபத்தில் அன்று அவனிடம் பேசவில்லை. ஆனால் அவன் டீ குடிக்கப் போனதும் டிரையல் ரூமுக்குள் போய், கதவைத் தாழிட்டு, போன் வெளிச்சத்தில் கீழ் உதட்டை இழுத்துக் கண்ணாடியில் பார்த்தேன். இரண்டு பற்களுக்கு நடுவில் ஈறு முக்கோணமாக மேலேறி நிற்குமே, அந்த முனைகள் இல்லை. யாரோ கிள்ளி எடுத்தது போலப் பள்ளமாக இருந்தது. அதன் மேல் சாம்பல் நிறத்தில் பாலாடை போல ஒரு படலம். நடுப்பல்லை விரலால் தொட்டேன், அசைந்தது. அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன்.

மறுநாள் ராஜா அண்ணாமலைபுரத்தில் ஒரு பல் டாக்டரிடம் போனேன். என் மகளைவிட நாலைந்து வயதுதான் பெரியவராக இருப்பார். விளக்கை இறக்கிப் பார்த்தார். முகத்தைச் சுளிக்கவில்லை. அதற்காகவே அவருக்கு நன்றி சொல்ல வேண்டும்.

"எத்தனை நாளா இப்படி இருக்கு?"

"எட்டு நாளா டாக்டர்."

"ஏன் உடனே வரல?"

"நோன்புன்னு நெனச்சேன்."

"சிகரெட் உண்டா?"

"ஒண்ணு ரெண்டு."

"ஒண்ணா, ரெண்டா?"

"எட்டு. நோன்பு தொறந்த பொறகு மட்டும்."

அவர் சிரிக்கவில்லை, எழுதிக்கொண்டார். ஈறழுகல் நோய் (ஈறின் முனைகளைப் பாக்டீரியாக்கள் அரித்துப் புண்ணாக்குவது) என்று விளக்கினார். எல்லோர் வாயிலும் குடியிருக்கும் கிருமிகள்தான். உடம்பு தளர்ந்து, தூக்கம் கெட்டு, புகையும் சேர்ந்தால் அவற்றுக்குக் கொண்டாட்டம். எனக்கு எக்ஸ்ரேயில் பல்லைத் தாங்கும் எலும்பும் கொஞ்சம் கரைந்திருந்தது. கீழே இரண்டு பற்களைப் பற்றி இப்போது எதுவும் சொல்ல முடியாது என்றார்.

பிறகு ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். சர்க்கரை, ரத்த அணுக்கள், எச்.ஐ.வி. கடைசியைப் படித்ததும் எனக்குக் காது சூடாகிவிட்டது.

"இதெல்லாம் எதுக்கும்மா எனக்கு?"

"இந்தப் புண்ணோட வர்ற எல்லாருக்கும் கேக்கிறதுதான் ஐயா. எதிர்ப்பு சக்தி ஏன் குறைஞ்சுதுன்னு பாக்கணும். உங்களைப் பத்தி நான் எதுவும் நெனைக்கல."

அவர் நினைக்கவில்லை, சரி. நான் நினைத்தேன். ஊசி குத்திய பெண் பார்த்திருப்பாளோ, ரிப்போர்ட்டை வேறு யாராவது வாங்கிப் பிரிப்பார்களோ என்று ஒரு இரவு முழுக்கப் புரண்டேன். உங்களுக்கும் இதை எழுதிக் கொடுத்தால் வெட்கப்படாமல் எடுங்கள். எனக்கு அது இல்லை என்று வந்தது. சர்க்கரை முடிவு மட்டும் முதல் நாளே கிடைத்திருந்தது, வெறும் வயிற்றில் இருநூற்றெழுபது. எத்தனை வருடமாகவோ தெரியாது.

அந்த முதல் நாளே புண்ணின் மேலிருந்த அழுகலை டாக்டர் பஞ்சால் ஒற்றி ஒற்றி எடுத்தார். மரத்துப்போக மருந்து தடவிய பிறகும் நாற்காலிப் பிடியை விடாமல் பிடித்திருந்தேன். பாக்டீரியாவைக் கொல்லும் மாத்திரை மூன்று வேளை, சாப்பாட்டுக்குப் பின். வாய் கொப்பளிக்க ஒரு திரவம். சர்க்கரைக்கு வேறொரு டாக்டர், வேறு மாத்திரை.

"சஹர்ல ஒண்ணு, நோன்பு தொறந்து ரெண்டா போட்டுக்கலாமா?" என்று பேரம் பேசினேன்.

"மூணு வேளைன்னா மூணு வேளை. இந்தச் சர்க்கரையோட இப்போதைக்கு நோன்பு வேண்டாம்."

எழுந்திருக்கும்போதுதான் எனக்கு முக்கியமான கேள்வியைக் கேட்டேன். பேரப்பிள்ளை வரப்போவதையும் பழம் மெல்லும் வழக்கத்தையும் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"கூடாது ஐயா. உங்க வாயிலேருந்து எதுவும் குழந்தை வாய்க்குப் போகக் கூடாது. புண்ணு ஆறின பிறகும் கூடாது. பிறந்த குழந்தைக்குத் தாய்ப்பால் மட்டும்தான்."

"காதுல பாங்கு சொல்லலாமா?"

"மாஸ்க் போட்டுக்கிட்டுத் தாராளமா சொல்லுங்க."

நோயாளிக்கு நோன்பிலிருந்து விலக்கு உண்டு, பிறகு வைத்துக்கொள்ளலாம். மார்க்கம் தெளிவாகத்தான் சொல்லியிருக்கிறது. மனசுக்குத்தான் அது புரியவில்லை. மத்தியானம் கடையை ஏழுமலையிடம் விட்டுவிட்டு மூன்று மாடி ஏறி வீட்டுக்கு வருவேன். கீழ்வீட்டு அக்கா பார்த்துவிடுவார் என்று சமையலறை ஜன்னலைச் சாத்துவேன். காலையில் காய்ச்சிய கஞ்சியைத் தண்ணீராகக் கரைத்து, உப்பு போட்டால் எரியும் என்று சப்பென்றே, நின்றபடி குடிப்பேன். தெருவே பட்டினியாக இருக்கும்போது ஒருவன் மட்டும் கதவடைத்துச் சாப்பிடுவது திருட்டுத்தனம் போல இருந்தது. என் வாழ்க்கையில் அவ்வளவு தனியாக நான் எப்போதும் சாப்பிட்டதில்லை. டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து, துடைத்தும் வைப்பேன். யார் வந்து பார்க்கப் போகிறார்கள்?

தினமும் நூர்ஜஹான் போன் செய்வாள். "நோன்பெல்லாம் எப்படிப் போகுது?" என்பாள். "போகுது" என்பேன். சொன்னால் படுத்திருக்கும் மகளை விட்டுவிட்டு ஓடி வந்துவிடுவாள் என்பது ஒரு காரணம். உண்மையான காரணம் வேறு. பழம் மெல்ல வேண்டிய வாய் அழுகிக் கிடக்கிறது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. குழந்தைக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. அதற்குள் ஆறிவிடும், டாக்டர் சொன்னதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். ஆமாம், அப்படித்தான் நினைத்தேன்.

குழந்தை காத்திருக்கவில்லை. பதினேழாம் நோன்பு அன்று காலை ஷமீமாவுக்கு ரத்தப்போக்கு. அடையாறில் ஒரு மருத்துவமனையில் சேர்த்து உடனே ஆபரேஷன் செய்தார்கள். நான் மாஸ்க்கோடு ஓடினேன். தாயும் பிள்ளையும் பிழைத்துவிட்டார்கள், பெண் குழந்தை என்று மாப்பிள்ளை வராந்தாவில் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான்.

அறைக்குள் குழந்தையை என் கையில் கொடுத்தார்கள். இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் மேல். மாஸ்க்குக்குள்ளிருந்து வலது காதில் பாங்கு சொன்னேன். முடித்து நிமிர்ந்தபோது சம்பந்தி அம்மா ஒரு கிண்ணத்தை நீட்டினார். உள்ளே கொட்டை நீக்கிய ஒரு பேரீச்சம்பழம்.

"மாஸ்க்கைக் கழட்டுங்க சம்பந்தி."

என் கை கிண்ணத்தை நோக்கிப் போனது, மறைக்க மாட்டேன். ஐந்து நாள் மருந்து சாப்பிட்டாயிற்று, ஒரு துளிதானே, ஆண்டவன் காப்பாற்றுவான் என்று மனசு சொன்னது. அப்போது குழந்தை வீறிட்டு அழுதது. வாய் முழுதாகத் திறந்தது. பல் இல்லாத வாய், மேலும் கீழும் ஈறு மட்டும், ரோஜா நிறத்தில், எங்கும் ஒரு கீறல் இல்லாமல். நான் கையை இழுத்துக்கொண்டேன்.

"என்னால முடியாது. என் வாயில புண்ணு. ஈறு அழுகிடுச்சு."

"நோன்பு வெச்ச வாயிதானே சம்பந்தி?"

"நோன்பும் இல்ல. அஞ்சு நாளா வைக்கல. சர்க்கரையும் இருக்கு."

அந்த அம்மாவின் முகம் சுருங்கியது. எங்கள் வீட்டுப் பிள்ளைக்குச் செய்ய மனசில்லாமல் கதை சொல்கிறார் என்று நினைத்திருப்பாரோ, தெரியாது. கட்டிலில் கிடந்த ஷமீமாதான் மெல்லிய குரலில், "யாரும் மெல்ல வேணாம் மாமி. நர்ஸம்மா பால் மட்டும்தான்னு சொல்லிட்டாங்க" என்றாள். கிண்ணம் ஜன்னலோரம் போனது. அன்று மாலை மாப்பிள்ளை அந்தப் பழத்தைத் தின்றுதான் நோன்பு திறந்தான்.

நூர்ஜஹான் என் சட்டையைப் பிடித்து வராந்தாவின் கோடிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"கழட்டுங்க."

கழற்றினேன். கீழ் உதட்டை அவளே விரலால் இறக்கிப் பார்த்தாள். வாடை அடித்திருக்கும், முகத்தைத் திருப்பவில்லை.

"அஞ்சு நாளா கஞ்சி யாரு காச்சுனா?"

"நான்தான்."

"உப்பு போட்டீங்களா?"

"எரியும்னு போடல."

அதற்குத்தான் அவள் அழுதாள். புண்ணைப் பார்த்து அழவில்லை.

இதற்குப் பிறகு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத ஆசைதான். மகளுக்கு ஆபரேஷன் ஆகியிருந்ததால் நூர்ஜஹான் நாற்பது நாளும் அங்கேதான் இருந்தாள். நான் மூன்றாவது மாடியில் அதே கஞ்சியோடு இருந்தேன், உப்பு மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடியது. வலி ஒரு வாரத்தில் போனது, வாடை அதற்கு முன்பே போனது. அசைந்த இரண்டு பற்களில் ஒன்று இறுகிக்கொண்டது. இன்னொன்றைப் பெருநாள் முடிந்து எடுத்துவிட்டார்கள். சம்பந்தி அம்மா வெகுநாள் என்னோடு அளந்துதான் பேசினார்.

போன ஈறு முனைகள் திரும்ப வளராது. பற்களுக்கு நடுவில் கறுப்பாக இடைவெளி தெரிகிறது. சோறு மாட்டும், ஒவ்வொரு முறை சாப்பிட்ட பிறகும் சின்ன பிரஷ்ஷால் எடுக்க வேண்டும். சிகரெட்டை விட்டுவிட்டேன், இரண்டு முறை தவறி மறுபடி விட்டேன். நூலைக் கத்தரியால் வெட்டப் பழகிக்கொண்டிருக்கிறேன்.

நோயாளிகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். தன் வாயின் வாடை தனக்குத் தெரியாது. உள்ளங்கையில் ஊதிப் பார்ப்பதெல்லாம் வீண், நான் ஊதிப் பார்த்திருக்கிறேன். கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை என்று சொல்லக்கூடிய ஒரு ஆள் வேண்டும். இப்போது காலையில் கடை திறந்ததும் ஏழுமலை, "ஊது பாய்" என்கிறான். ஊதுகிறேன். "இன்னிக்குத் தேவல" என்பான். கிண்டல்தான், ஆனால் ஒரு நாள்கூட விட்டதில்லை.

முன்பெல்லாம் என் உடம்பு நான் சொன்னபடி கேட்கிற வேலையாள் என்று நினைத்திருந்தேன். அது எனக்குத் தெரியாமல் எத்தனையோ வருடம் தன் பாட்டுக்கு ஏதோ செய்துகொண்டிருந்திருக்கிறது. இப்போது வருடம் என்பது எனக்குப் பெருநாளிலிருந்து பெருநாள் அல்ல. மூன்று மாதத்துக்கொரு ரத்தப் பரிசோதனை, அப்படி நான்கு. விட்டுப்போன பதினெட்டு நோன்பை எப்போது வைக்கலாம் என்று ஒவ்வொரு முறையும் கேட்கிறேன். அடுத்த முறை பார்க்கலாம் என்கிறார் டாக்டர்.

பேத்தி ஆயிஷாவுக்கு எட்டு மாதம் ஆகிறது. அவளைத் தூக்கும்போது முகத்தை ஒரு பக்கம் திருப்பிக்கொள்வது எனக்குப் பழக்கமாகிவிட்டது, வாயைக் கூடிய மட்டும் மூடியே வைத்திருப்பேன். போன வாரம் மடியில் உட்கார்ந்திருந்தவள் என் தாடியைப் பிடித்து முகத்தைத் தன் பக்கம் திருப்பினாள். ஆள்காட்டி விரலை உதட்டுக்குள் நுழைத்து, பல் இல்லாத அந்த இடத்தில் நேராக வைத்தாள். அவளுக்கும் அதே இடத்தில் இன்னும் பல் வரவில்லை. விரலை எடுக்காமல் என் ஈறைத் தடவியபடியே தன் வாயைத் திறந்து காட்டிச் சிரித்தாள். கையைக் கழுவிவிடணும் என்று நூர்ஜஹான் உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள். கழுவலாம், கொஞ்சம் பொறு என்று சொல்ல நினைத்தேன். சொன்னால் குழந்தை விரலை எடுத்துவிடுவாள் என்று வாயைத் திறந்தபடியே உட்கார்ந்திருந்தேன்.